அறுபதில் பூட்டிய கதவு

"உன் கதவு என்னை நாப்பத்தேழு தடவ கொன்னுடுச்சு பாப்பா. எண்ணி வச்சிருக்கேன்."

காலையில் வேலைக்குக் கிளம்பி, பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்து உட்கார்ந்த கையோடு அண்ணனிடமிருந்து அழைப்பு. எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை, நேராகக் கதவுக்கு வந்துவிட்டார். அண்ணன் பொய்ப்பல் செய்கிறவர். பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், இவர் தன் பட்டறையில் குனிந்து உட்கார்ந்து பல் பல்லாகச் செதுக்கிக் கொடுப்பார். மயிரிழை பிசகினாலும் கடிக்கிறவருக்கு உயிர் போகும், அப்படிப்பட்ட வேலை. பகலெல்லாம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிடக்கிற அந்த மனிதருக்கு ஒரே பைத்தியம், கணினி விளையாட்டு. அதிலும் தன் தங்கையே ஒரு விளையாட்டு நிறுவனத்தில் சோதனைக்காரி என்பதில் அவருக்கு இருந்த பெருமையை அளக்க அளவுகோல் கிடையாது. முன்பின் தெரியாதவர் பல் பொருத்திப் பார்க்க வந்து வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கும்போதுகூட, பாவம் அவரால் பதில் பேச முடியாது என்ற தைரியத்தில், தங்கை கதையைச் சொல்லி முடித்துவிடுவார்.

"எந்தக் கதவுண்ணே?"

"மூணாவது கட்டத்துல, சுரங்கத்துல, இரும்புக் கதவு. நெம்புகோல இழுத்துட்டு ஓடிப்போய் அடியில நுழைன்னு காட்டுது. நான் திரும்புறதுக்குள்ள அது தரையில உக்காந்து என்னப் பாக்குது."

"உனக்கு வயசாயிடுச்சுண்ணே. கை ஓடல."

"சொல்லுவடி. என் கை ஓடலன்னா இந்த ஊர்ல பாதிப் பேருக்கு வாயே மூடாது."

அவள் சிரித்துவிட்டாள். அந்தக் கதவை அவள் நானூற்றுப் பன்னிரண்டு தடவை தாண்டியிருக்கிறாள். ஓடித் தாண்டி, குனிந்து தாண்டி, வேண்டுமென்றே தாமதித்துத் தாண்டி, பின்பக்கமாக நடந்துகூடத் தாண்டியிருக்கிறாள். அலுவலகத்தில் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் கையில் விழுந்த விளையாட்டில் ஒரு பொடிக் கோளாறுகூடத் தங்காது என்று ஒரு காலத்தில் பாராட்டாக வைத்த பெயர்தான், பிறகு அதுவே கூப்பிடும் பெயராகிவிட்டது.

"சிரிக்காத. கேளு. நேத்து உக்காந்து அளந்து பாத்தேன். வினாடிக்கு இருநூத்தி நாப்பது படம்னு ஓடவிட்டா, கதவு முக்கா வினாடில விழுது. நூத்தி நாப்பத்தி நாலுல வச்சா ஒண்ணேகால் வினாடி. அறுபதுல பூட்டினேன் பாரு, மூணு வினாடி. தாராளமா நடந்து போறேன். ஒரு இரும்புக் கதவு எப்படிம்மா என் திரையப் பாத்து விழுகுது?"

பேருந்து ஏதோ நிறுத்தத்தில் நின்றது. சல்லடைக்கு அது எந்த நிறுத்தம் என்று தெரியவில்லை. அறுபது என்ற அந்த ஒரு வார்த்தையிலேயே அவள் மனம் சோதனை அறைக்குப் போய்விட்டிருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள், பின்னால் தடுமாறாமல் இருக்கும். திரையில் ஓடுவது எதுவும் நிஜமாக ஓடுவதில்லை. அசையாத படங்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள், நம் கண் அதை ஓட்டம் என்று நம்பிக்கொள்கிறது. அந்த ஒவ்வொரு படத்துக்கும் இந்தத் தொழிலில் ஃப்ரேம் என்று பெயர். கணினி வரைந்து வரைந்து தரும், திரை வாங்கி வாங்கிக் காட்டும். இரண்டுக்கும் வேகம் ஒத்துப்போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. திரை ஒரு படத்தைப் பாதி காட்டிக்கொண்டிருக்கும்போதே கணினி அடுத்ததைத் திணித்துவிட்டால் மேல்பாதி பழசு, கீழ்ப்பாதி புதுசு என்று நடுவில் கிழிசல் விழும். அது வேண்டாம் என்றால், திரை கேட்கும்வரை பொறுத்திரு என்று கணினியைக் கட்டிப்போடலாம். அதுதான் வி-சிங்க். வினாடிக்கு இத்தனைக்கு மேல் வரையவே கூடாது என்று தனியாக ஒரு வரம்பும் போடலாம். சோதனை அறையில் இந்த இரண்டையும் சேர்த்துப் 'பூட்டு' என்பார்கள். பூட்டினால் கணினிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும், சூடு அடங்கும். பூட்டை எடுத்தால் தலைதெறிக்க வரையும், கொதிக்கும். இவ்வளவுதான் விஷயம்.

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் தன் கணினியைத் திறந்தாள். சோதனை அறை நீளமானது. இரண்டு வரிசையாக இருபது கணினிகள், எட்டுச் சோதனைக்காரர்கள். விளையாட்டை ஓடவிட்டுத் திரையின் மேல் மூலையைப் பார்த்தாள். அங்கே சின்னதாகப் பச்சை எழுத்தில், வினாடிக்கு எத்தனை படம் என்று காட்டும் எண். அறுபது. விளையாட்டுக்குள் நின்றாள், ஓடினாள், வெடிவைத்தாள், வெள்ளத்தில் குதித்தாள். அறுபது, அறுபது, அறுபது.

மூன்று மாதமாக அந்த எண் அப்படியே நின்றது. அதில் கொடுமை என்னவென்றால், அதற்காக அவர்கள் எல்லாரும் சேர்ந்து நிரல் எழுதுகிற நெட்டையனைப் பாராட்டியிருந்தார்கள். "என்னமா எழுதியிருக்கான் பாரு, ஒரு ஆட்டம் இல்ல, அறுபதுன்னா அறுபதுதான்" என்று அவன் முதுகில் தட்டியவர்களில் சல்லடையும் ஒருத்தி. அவனும் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டான். அடங்கிக் கிடந்ததை ஒழுங்கு என்று நினைத்துவிட்டார்கள். தன் கையால் போட்ட பூட்டையே தரம் என்று எண்ணிப் பாராட்டுகிற தவறு, இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் வரும்.

ஆமாம், போட்டது அவள் கைதான். மூன்று மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை ஏசி நின்றுபோனது. இருபது கணினிகளின் அனலில் அறை கிடந்து வெந்தது. ஒருவருக்கு மயக்கமே வந்தது. அறையின் மேற்பார்வையாளர் கதவருகே நின்றபடி சொன்னார்: "எல்லாத்தையும் அறுபதுல பூட்டிடும்மா. வி-சிங்கும் போட்டுடு. ரெண்டு நாள்தான்." எதைக் கேட்டாலும் 'சரி சரி' என்பார் என்பதால் அவருக்குச் 'சரிசரி' என்றே பெயர். சல்லடை ஒவ்வொரு கணினியாகக் குனிந்து பூட்டிக்கொண்டே போனாள். விளையாட்டுக்குள் இருக்கும் அமைப்பில் அல்ல, அதற்கும் கீழே, படம் வரைகிற கிராஃபிக்ஸ் கார்டை இயக்குகிற மென்பொருளில். அங்கே பூட்டிவிட்டால் மேலே விளையாட்டு எவ்வளவு துள்ளினாலும் பூட்டுத்தான் ஜெயிக்கும். ஒன்பதாம் நாள் யாரோ வந்து ஏசியை ஒப்பேற்றிவிட்டுப் போனார்கள். அது பெயருக்கு ஓடியது. பூட்டு இருந்ததால் அறை குளிர்ந்தே இருந்தது. பூட்டை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. அதுதான் அவளை இப்போது உள்ளே போட்டு அரைத்தது.

விளையாட்டு வெளியாகி அன்றைக்கு மூன்றாம் நாள். நல்ல கணினி வைத்திருந்தவர்கள் எல்லாரும் கதவடியில் செத்துக்கொண்டிருந்தார்கள். பழைய கணினி வைத்திருந்தவர்கள் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனார்கள். இணையத்தில் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். 'இந்தக் கதவை ஒரு மனிதராவது சோதித்தாரா' என்று ஒருவர் எழுதியிருந்ததைச் சல்லடை இரண்டு தடவை படித்தாள். சோதித்த மனிதர் நான்தானப்பா என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

"உள்ள வாம்மா" என்று சரிசரி தன் கண்ணாடித் தடுப்புக்குள் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு தாள். அவள் பெயர் முன்பே அச்சாகியிருந்தது.

"பதினோரு மணிக்கு முதலாளியம்மா வராங்க. ரொம்பக் கோபமா இருக்காங்க. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடு, நான் பேசி முடிச்சுக்கிறேன்."

அவள் படித்தாள். நேரமின்மை காரணமாக மூன்றாம் கட்டக் கதவுச் சோதனையைச் செய்யாமலே, செய்ததாகப் பட்டியலில் குறித்துவிட்டேன். இனி இவ்வாறு நேராது.

"நான் செய்யலன்னு எழுதியிருக்கு சார்."

"ஒரு வார்த்தைதானம்மா. உன்ன வேலைய விட்டா அனுப்பப் போறாங்க? வேற விளையாட்டுக்கு மாத்துவாங்க. நான் இருக்கேன்ல."

"நானூத்திப் பன்னெண்டு தடவ செஞ்சேன் சார். அறுபதுல செஞ்சேன். நீங்க பூட்டச் சொன்னீங்க, நான் பூட்டினேன். ரெண்டு பேரும் மறந்துட்டோம். அத எழுதுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

சரிசரி அவளை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை.

"எந்தப் பூட்டு?"

ஏழு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்த மனிதர். அவள் மாமனார் இறந்தபோது வீட்டுக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதவர். அந்த வாயால், பச்சைத் தண்ணீர் குடிப்பதுபோல, எந்தப் பூட்டு என்று கேட்டார். கோபம் என்பது சத்தமாகத்தான் வரும் என்று நினைக்காதீர்கள். சல்லடை குரலை உயர்த்தவே இல்லை. தாளை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"திங்கக்கிழமை. ஏசி நின்ன அன்னைக்கு. அதோ அந்தக் கதவுகிட்ட நின்னு சொன்னீங்க."

"எனக்கு ஞாபகம் இல்லயேம்மா. நீயா பூட்டியிருந்தா அத நீதான் சொல்லணும்."

வெளியே வந்தாள். ஏழு பேரும் காதை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு கண்ணை அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். பக்கத்து இருக்கையில் 'கண்ணாடி' என்று அழைக்கப்படும் வயதில் மூத்தவர்; அவருடைய கணினியைத்தான் அன்று அவள் முதலில் பூட்டினாள், நாற்காலியை நகர்த்தி வழிவிட்டதே அவர்தான்.

"அண்ணே, அன்னைக்கு சார் சொன்னத நீங்க கேட்டீங்கல்ல?"

கண்ணாடி விசைப்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். சுத்தமாக இருந்த விசைப்பலகை.

"எனக்கு ரெண்டு பொண்ணும்மா" என்றார், அவளைப் பார்க்காமல்.

"எனக்கும் வீடு வாசல் இருக்குண்ணே."

அதற்கு மேல் அவளிடம் இருந்த வார்த்தைகள் பெரியவர் ஒருவரிடம் பேசக்கூடியவையாக இல்லை.

பதினோரு மணிக்கு முதலாளியம்மா வந்தார். உயரமான பெண்மணி, வேகமாக நடப்பார், உட்கார மாட்டார். பின்னால் நெட்டையன், மூன்று நாளாகத் தூங்காத கண்களோடு. தாளை எடுத்துப் பார்த்தார், கையெழுத்து இல்லை.

"யாரும்மா இந்தச் சல்லடை?"

"நான்தாங்க."

"பேரு சல்லடை, ஆனா இவ்வளவு பெரிய கதவு உள்ள போயிருக்கு."

ஒருவரும் சிரிக்கவில்லை. சரிசரி மட்டும் சிரிக்கலாமா என்று பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நான் சோதிச்சேங்க" என்றாள் சல்லடை. "அறுபதுல. இந்த அறையில எல்லாக் கணினியும் மூணு மாசமா அறுபதுல பூட்டிக் கிடக்கு. கதவு மட்டும் இல்ல, நாங்க தேறினதுன்னு போட்ட ஆயிரத்து நூத்தி நாப்பது சோதனையும் அறுபதுல பண்ணினதுதான்."

"யாரு பூட்டினது?"

"நான். இவரு சொல்லி."

"நான் அப்படி எதுவும் சொல்லலங்க" என்றார் சரிசரி, மெதுவாக, வருத்தத்தோடு, பிள்ளையின் பொய்யைப் பொறுத்துக்கொள்ளும் தகப்பனைப்போல. "இந்தப் பூட்டெல்லாம் எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. நான் பட்டியலப் பாக்கறவன். மாட்டிக்கிட்டோம்னதும் பொண்ணு பதட்டத்துல பேசறா. விட்டுடுங்க."

பதட்டம் என்ற அந்த வார்த்தை. விட்டுடுங்க என்ற அந்த இரக்கம். சல்லடையின் காதுக்குள் ஏதோ இரைந்தது. அழுதுவிடுவாளோ என்று நெட்டையன் பயந்து பார்த்தான். அவள் அழவில்லை. திரும்பி நடந்தாள். முதல் கணினியின்முன் குனிந்து நான்கு சொடுக்கில் பூட்டை எடுத்தாள், விளையாட்டைத் தட்டி ஓடவிட்டாள். இரண்டாவது. மூன்றாவது. கண்ணாடியின் கணினிக்கு வந்தபோது அவர் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார், அன்றைக்குப் போலவே.

"என்ன பண்றீங்க?" என்றார் முதலாளியம்மா.

"பூட்டினவ நானுங்க. அவிழ்க்க வேண்டியவளும் நான்தான். மூணு மாசம் முன்னாடியே அவிழ்த்திருக்கணும்."

இருபதையும் அவிழ்த்தாள். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு விசிறி எழுந்தது, அதைத் தொடர்ந்து இன்னொன்று, அப்புறம் அத்தனையும். மூன்று மாதமாக முனகிக்கொண்டிருந்த அறை இரைய ஆரம்பித்தது. மூலையில் இருந்த பச்சை எண்கள் பறந்தன: நூற்றுத் தொண்ணூறு, இருநூற்று முப்பது, முன்னூறு. திரைகளில் படம் குறுக்கே கிழிந்து கிழிந்து ஒட்டியது. சுவரோரம் இருந்த கணினியில் சல்லடை நெம்புகோலை இழுத்துக் காட்டினாள். இரும்புக் கதவு கல்லைப்போல விழுந்தது. மறுபடி இழுத்தாள், மறுபடி விழுந்தது. ஏழு சோதனைக்காரர்களும் எழுந்து நின்று, தாங்கள் நூற்றுக்கணக்கான தடவை பார்த்த கதவை முதல்தடவையாகப் பார்த்தார்கள்.

"இப்படியா விழுகுது?" என்றார் கண்ணாடி தனக்குத்தானே.

முதலாளியம்மா நெட்டையன் பக்கம் திரும்பினார். "இது என்னப்பா?"

நெட்டையன் திரையருகே வந்தான். "ஒவ்வொரு படத்துக்கும் ஒரு படி இறங்குன்னு எழுதிட்டேங்க. நூத்தி எண்பது படி. நேரத்தப் பாத்து இறங்குன்னு எழுதியிருக்கணும். வினாடிக்கு அறுபது படம்னா மூணு வினாடி. படம் கூடக் கூட..." அவன் கையால் கதவு விழுவதைக் காட்டினான். "இங்க எப்பவும் அறுபதே காட்டிச்சு. நான் எழுதினது நல்லாருக்குன்னு நினைச்சேன்."

"வேற எங்கெல்லாம் இப்படி எழுதியிருக்க?"

"தெரியலங்க."

அதற்குள் அறை சூடேறிவிட்டது. பால் கொதித்து மேலே வருவதைப்போலச் சத்தமில்லாமல் வந்து நின்றது அனல். ஏசி என்னென்னமோ செய்து பார்த்து ஈரக் காற்றைத் துப்பியது. முதலாளியம்மா கழுத்தைத் துடைத்தார், கைப்பையால் விசிறிக்கொண்டார்.

"ஐயோ, என்ன இது, அடுப்புக்குள்ள நிக்கற மாதிரி இருக்கு. யாராவது இத நிறுத்துங்க."

எல்லாருக்கும் முன்னால் சரிசரிதான் பாய்ந்தார். முதலாளி வாயிலிருந்து வார்த்தை வந்தால் கை முந்தும் பழக்கம், எத்தனை வருடப் பழக்கமோ. பக்கத்துக் கணினியின்முன் குனிந்தார். விளையாட்டை மூடத் தோன்றவில்லை, கணினியை நிறுத்தத் தோன்றவில்லை. கார்டின் மென்பொருளைத் திறந்தார், இடதுபக்கம் மூன்றாவது வரி, உள்ளே போய்க் கடைசிப் பெட்டி, அறுபது. வி-சிங்க், போடு. தேடவில்லை, நின்று படிக்கவில்லை, மூக்குக்கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. விசிறி அடங்கியது. அடுத்த கணினிக்கு நகர்ந்து அதையும் பாதி முடித்த பிறகுதான், அறையில் யாரும் அசையவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

அவர் கை மவுஸின்மேல் அப்படியே நின்றது.

"எங்க இருக்குன்னு தெரியாதுன்னீங்க" என்றார் முதலாளியம்மா.

சரிசரி நிமிரவில்லை. கண்ணாடி முன்னால் வந்தார். "இப்படிச் சூடானதாலதாங்க அன்னைக்கு சார் பூட்டச் சொன்னாரு. நாங்க எல்லாரும் கேட்டோம்" என்றார். இப்போது சொன்னார். சல்லடை அவரை ஒரு பார்வை பார்த்தாள். நன்றியைத் தேடி அவர் முகம் ஏங்கியது, அந்தப் பார்வையில் அது இல்லை.

நியாயம் ஜெயித்துவிட்டது என்று மூச்சுவிட்டுவிடாதீர்கள். முதலாளிகளுக்கு வேறு கணக்கு உண்டு. அந்த அம்மாள் இருபது நொடி யோசித்தார். பிறகு, பிரச்சினை தீர்ந்துவிட்டதுபோலக் கையைத் தட்டினார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. அறுபதுல பூட்டினா எல்லாம் ஒழுங்கா ஓடுதுல்ல? அப்ப விளையாடறவங்களுக்கு ஒரு அறிவிப்புப் போடுங்க. அறுபதுல பூட்டி, வி-சிங்க் போட்டு விளையாடினால் சிறந்த அனுபவம் கிடைக்கும்னு. இன்னைக்கே. சல்லடை, நீயே எழுதிடு, உனக்குத்தான் இது நல்லாத் தெரியுது. அந்தத் தாளக் கிழிச்சுப் போட்டுடறேன், உன் பேருக்கு ஒண்ணும் வராது."

அவர் சொன்னபடியே தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டார். சல்லடைக்கு வேண்டியது அதுதானே? காலையிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது அந்தத் தாள்தானே? ஆமாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் மனக்கண்ணில் அண்ணன் வந்தார். பட்டறையில் கூன் போட்டு உட்கார்ந்து, ஆசை ஆசையாக வாங்கிய இருநூற்று நாற்பது திரையின்முன், சிறந்த அனுபவத்துக்காக அதைக் கால்வாசிக்குக் குறைத்துக்கொண்டிருக்கும் அண்ணன். அவருடைய வாடிக்கையாளர் ஒருவர் பல் வலிக்கிறது என்று வந்தால், குறைவாக வாயைத் திறந்து மெல்லுங்கள் என்று அவர் சொல்லி அனுப்புவாரா? பல்லைக் கழற்றி வாங்கி மறுபடி செதுக்குவார்.

"எழுத மாட்டேங்க."

"என்னது?"

"ஏசி சரியில்லன்னு எங்களப் பூட்டினீங்க. எங்க தப்பு தெரியாமப் போச்சு. இப்ப தப்பு தெரியக்கூடாதுன்னு அவங்களப் பூட்டச் சொல்றீங்க. நான் ஒரு தடவ பூட்டினதே போதுங்க. இன்னொரு தடவ, அதுவும் ஊரான் வீட்டுக் கணினிய, என் கையால பூட்ட மாட்டேன்."

"உங்கிட்ட நான் யோசனை கேக்கல."

"தெரியுங்க. நீங்க என் பேருக்கு ஒண்ணும் வராதுன்னு சொன்னீங்க. அது உங்க கையில இல்ல. பட்டியல்ல ஆயிரத்து நூத்தி நாப்பது வரி இருக்கு. முன்னூத்துச் சொச்சம் வரியில சோதித்தவர்னு என் பேருதான் இருக்கு. எல்லாம் பச்சையா இருக்கு. எல்லாம் பொய்யா மெய்யான்னு எனக்கே தெரியல. அத வச்சுக்கிட்டு நான் நாளைக்கு எப்படி இங்க வந்து உக்காரறது?"

சொல்லிக்கொண்டே அவள் தன் இருக்கைக்குப் போய்ச் சோதனைப் பட்டியலைத் திறந்தாள். முதல் வரியைத் தேர்ந்தெடுத்தாள். பச்சையில் 'தேறியது'. அதை அழித்து, 'தேறவில்லை. அறுபதில் மட்டுமே சோதிக்கப்பட்டது. பூட்டியது நான், அவிழ்க்க மறந்ததும் நான்' என்று அடித்தாள். வரி சிவந்தது. அடுத்த வரி. தன் பெயர் இருந்த வரிகளை மட்டும்தான் தொட்டாள். பிறர் வரிகள் பிறருக்கு. யாரும் தடுக்கவில்லை. பத்தாவது வரியில் கண்ணாடி தன் இருக்கையில் உட்கார்ந்து தன் வரிகளைச் சிவப்பாக்க ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் இன்னொருத்தி. பட்டியல் எல்லாருடைய திரையிலும் ஒன்றுதான், மேலிருந்து கீழாக அது சிவந்துகொண்டே வந்தது.

முதலாளியம்மாவின் முகமும் சிவந்தது. "இது எவ்வளவு நாள் வேலைன்னு தெரியுமா?"

"ஏசி நல்லா ஓடினா பதினஞ்சு நாளுங்க" என்றான் நெட்டையன். அவ்வளவு நேரம் சுவரில் சாய்ந்து நின்றவன் இப்போதுதான் நிமிர்ந்தான். "கதவ இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள மாத்திடறேன். மத்தது எங்கெங்க இருக்குன்னு இவங்க கண்டுபிடிச்சாத்தான் எனக்குத் தெரியும். அறிவிப்புப் போட்டா கேப்பாங்கங்க, ஏன் அறுபதுன்னு. நான் என்ன சொல்றது?"

அந்த அம்மாள் விருட்டென்று திரும்பினார். தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வாசலுக்கு அந்தப் பக்கம், இன்றைக்கே ஏசிக்கு ஆள் வர வேண்டும் என்று யாரையோ கடித்துக் குதறுவது கேட்டது. அறிவிப்பைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. மன்னிப்பும் ஒருவரும் கேட்கவில்லை. இந்தமாதிரி இடங்களில் அப்படித்தான் முடியும்.

சல்லடை அந்த இரண்டு கணினிகளின் பூட்டை மறுபடி எடுத்தாள். சரிசரி போட்டது ஒன்று, பாதி போட்டது ஒன்று. அறை வெந்தது. சன்னல்களைத் திறந்தார்கள், தெருச் சத்தம் உள்ளே வந்தது. வியர்வை வழிய வழிய எட்டுப் பேரும் ஒன்றாம் கட்டத்திலிருந்து ஆரம்பித்தார்கள். அரைமணி நேரத்துக்குள், வேகம் கூடினால் படகு தலைகுப்புறக் கவிழ்வதைக் கண்ணாடி கண்டுபிடித்தார். "சல்லடைம்மா, இங்க பாரேன்" என்று கூப்பிட்டார். அவள் போய்ப் பார்த்தாள், எழுதிக்கொள்ளச் சொன்னாள், வந்துவிட்டாள்.

மதியத்துக்கு மேல் சரிசரி தன் கண்ணாடித் தடுப்பிலிருந்து வெளியே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என் பேருலயும் அறுபது வரி இருக்கும்மா. மேலாய்வுன்னு போட்டது."

"அறுபத்திரெண்டு சார்."

"நான் பாக்காமலே போட்டதும் அதுல உண்டு."

அவள் திரும்பவில்லை. அவர் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மாமனார் இறந்தபோது சொன்ன குரலில். அந்தக் குரலை இப்போது கேட்டால் தான் உடைந்துவிடுவோம், உடைந்தால் மன்னித்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு அவள் தயாராக இல்லை. பக்கத்தில் காலியாக இருந்த கணினியைக் கையால் காட்டினாள்.

"உக்காருங்க சார். ஒண்ணாவதுல இருந்து."

அவர் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். பழக்கமில்லாத விரல்களால் நடக்கவிட்டு, சுவரில் முட்டி, பள்ளத்தில் விழுந்து, கடைசியில் ஒருவழியாக முதல் சோதனையை முடித்தார். பட்டியலில் பழைய பச்சையை அழித்தார். 'சோதித்தவர்' என்ற இடத்தில் எழுத இடம் காட்டும் சின்னக் கோடு மின்னி மின்னிக் காத்திருந்தது.

சல்லடை தன் நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அவர் தன் பெயரை எழுத்தெழுத்தாக அடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.